டிஸ்க்கை மாற்றச் சொன்னால் உடனே சரி என்று சொல்லாதீர்கள்

கேள்வி: நல்லம்பள்ளியிலிருந்து வேலை விஷயமாக அடிக்கடி தொப்பூர் வழியாகச் சேலம் போய் வருகிறேன். 150 சிசி பைக், வாங்கி மூன்று வருடம் ஆகிறது. முன் பிரேக் பேடை இரண்டு மாதத்துக்கு முன்புதான் மாற்றினேன். இப்போது பிரேக் பிடித்தாலே கீச்சென்று கத்துகிறது. மெக்கானிக் டிஸ்க்கையே மாற்றணும் என்கிறார். பேட் விற்ற கடைக்காரர், "தேயுற சாமானுக்கு யாரு சார் கேரண்டி தருவாங்க?" என்கிறார். பில்லும் கொடுக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: டிஸ்க்குக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், சத்தம் எந்த மாதிரி என்று கவனியுங்கள். மழையிலோ பனியிலோ நனைந்து நின்ற வண்டி, காலையில் முதல் நாலைந்து பிடிக்குக் கத்திவிட்டு அடங்கினால் ஒன்றுமில்லை. டிஸ்க் மேல் படிந்த லேசான துரு உரிகிறது, அவ்வளவுதான். கரகரவென்று இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் வந்தால் விஷயம் வேறு. பேடில் தேயும் பகுதியான லைனிங் தீர்ந்து, அதைத் தாங்கும் தகடு டிஸ்க்கை அறுக்கிறது. அந்த நிலையில் தயவுசெய்து தொப்பூர் இறக்கத்தில் இறங்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் கீச் சத்தத்துக்கு என் முதல் சந்தேகம் அந்த இறக்கத்தின் மேல்தான். சேலம் பக்கம் இறங்கும்போது டாப் கியரிலேயே விட்டுவிட்டு, பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் பேட் சூடேறி, அதன் முகம் இறுகி, கண்ணாடி மாதிரி பளபளக்கும். அப்புறம் கத்தத்தான் செய்யும், பிடிமானமும் குறையும். கியரைக் குறைத்து இன்ஜின் இழுவையில் இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள்.

மெக்கானிக்கிடம் பேடை உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். முகம் பளபளவென்று இருந்தால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்தாலே பல வண்டிகளில் சத்தம் நின்றுவிடும். இரண்டு பேடில் ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபரின் பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கலாம். சுத்தம் செய்து, பின்னுக்குப் பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைத்தான் போட வேண்டும். வாட்டர் வாஷில் அடித்த டீசலோ பாலிஷோ பேடில் ஊறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை. தூக்கிப் போட்டுவிட்டு வேறு போடுங்கள்.

இனி டிஸ்க். ஆறிய பிறகு அதன் மேல் நகத்தை உள்ளிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருக்கிறதா? பொதுவாக டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பார்கள். வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கனம் அதற்குக் கீழே போயிருந்தாலோ, டிஸ்க் வளைந்து லீவர் கையில் துடித்தாலோ மெக்கானிக் சொல்வது சரி, மாற்றுங்கள். அளக்காமலே மாற்றணும் என்று சொன்னால் வேறொருவரிடம் காட்டுங்கள். மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்கி வாருங்கள், அது உங்கள் பொருள்.

கடைக்காரர் விஷயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. வழக்கமான தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது. ஆனால் தேய்வது வேறு, குறைபாட்டோடு விற்பது வேறு. லைனிங் தகட்டைவிட்டுப் பெயர்ந்து வந்தால் அது குறைபாடு. பில் கொடுக்காததற்கு அவரிடம் எந்த நியாயமும் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம். கூகுள் பே, போன் பே வழியாகப் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவையும் பேட் வந்த அட்டைப்பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். தீரவில்லையென்றால் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை ரூ. 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஒரு செட் பேடுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். 1915-இல் பதிந்த புகார் எண்ணைக் காட்டினாலே பல கடைகளில் பேச்சு மாறிவிடும்.

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். ஸ்கூட்டரின் பின் டிரம் பிரேக் சத்தத்துக்குக் கொஞ்சம் ஆயில் விடலாம் என்கிறார்கள். விடலாமா?

பதில்: விடவே கூடாதுங்க. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவில் எண்ணெய் பட்டால் பிரேக்கே பிடிக்காது. டிரம்மைக் கழற்றி, உள்ளே அடைந்த தூசியை ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ஊதினால் தூசி மூச்சில் ஏறும். ஷூவை விரிக்கும் கேம் கம்பியில் மட்டும் பொட்டளவு கிரீஸ் போதும். பிரேக் பிடித்திருக்கும்போது சக்கரத்துப் பக்கம் உள்ள அம்புக்குறி கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூவை மாற்றும் நேரம் வந்துவிட்டது.