தனிச் சங்கம் எதுக்குன்னு கேட்ட தம்பிக்கு

நீங்க சோஷியல் வொர்க் படிக்க கனடாவுல இருக்கிற ஹாலிஃபாக்ஸ் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. 'இங்க கறுப்பின சமூகப் பணியாளர்களுக்குன்னு தனிச் சங்கம் இருக்கே, நம்ம ஊர் சாதிச் சங்கம் மாதிரியா? அவங்க கூட்டத்துக்கு நாம போகலாமா?'ன்னு கேட்டிருக்கீங்க.

வந்த புதுசுல எனக்கும் இதே சந்தேகம்தான். இப்ப 16 வருஷம் ஆச்சு.

பர்ஸ்ல ஊதா கலர் பத்து டாலர் நோட்டு இருந்தா எடுத்துப் பாருங்க. அதுல இருக்கிற வயோலா டெஸ்மண்ட்ங்கிற கறுப்பினப் பெண் இந்த ஊர்க்காரங்க. 1946ல தியேட்டர்ல வெள்ளைக்காரங்க பக்கம் உட்கார்ந்ததுக்குப் போலீஸ் இழுத்துட்டுப் போச்சு. கேஸ் என்ன தெரியுமா? டிக்கெட் வரியில ஒரு சென்ட் குறைவாம். அவங்க முகத்துக்குப் பின்னால லேசா ஒரு மேப் தெரியும். நீங்க பஸ்ல போற காட்டிங்கன் தெருவும் அதுல உண்டு.

அங்கிருந்து கொஞ்சம் வடக்கே, கடலோரமா ஆஃப்ரிக்வில்னு ஒரு கறுப்பினக் குடியிருப்பு இருந்துச்சு. வரி வாங்கின நகராட்சி தண்ணிக் குழாய் போடல. 1960கள்ல மொத்தமா காலி பண்ண வெச்சாங்க. சாமான் செட்டை ஏத்திட்டுப் போக வந்தது குப்பை லாரி. அவங்க சர்ச் கட்டடத்தை 1967ல ராத்திரியோட ராத்திரியா இடிச்சாங்க. 2010லதான் மேயர் மன்னிப்பு கேட்டார். நம்ம படிப்புக்கு வேண்டிய விஷயம் இதுதான்: வீடு வீடாப் போய் பேரம் பேச நகராட்சி வெச்ச ஆளும் ஒரு சமூகப் பணியாளர்தான்!

இப்போ சொல்லுங்க, 1979ல இந்த நோவா ஸ்கோஷியா மாகாணத்துல கறுப்பின சமூகப் பணியாளர்கள் தனியா சங்கம் வெச்சதுல என்ன தப்பு? சாதிச் சங்கம்னா பெரும்பாலும் இருக்கிற பிடியைக் காப்பாத்த. இது மக்களைப் பத்தி ஃபைல் எழுதுற பேனாவைத் தங்களோட கைக்கும் கொண்டுவர.

அந்தப் பேனா என்ன செய்யும்னு ஒண்ணு சொல்றேன். 2014ல கொலை முயற்சி கேஸ்ல ஒரு கறுப்பினப் பையனைப் பெரியவங்க மாதிரி தண்டிக்கணும்னு அரசுத் தரப்பு கேட்டுச்சு. ராபர்ட் ரைட்ங்கிற கறுப்பின சமூகப் பணியாளர், அவன் வளர்ந்த ஊரையும் அதோட வரலாற்றையும் அறிக்கையா எழுதிக் கொடுத்தார். அதையும் எடைபோட்ட நீதிபதி சிறார் தண்டனையே கொடுத்தார். இப்ப இன்னொரு மாகாணமான ஒன்டாரியோ கோர்ட்லயும் இந்த மாதிரி அறிக்கை போகுது.

உறுப்பினர் ஆகறதைப் பத்தி அவங்ககிட்டயே கேளுங்க. பொதுக் கூட்டம்னா தாராளமா போங்க. நான் முதல் தடவை போனப்ப 'நாங்களும் கஷ்டப்பட்டவங்கதான்'னு எழுந்து ஆரம்பிச்சேன். பக்கத்துல இருந்த பாட்டி சிரிச்சுக்கிட்டே தன் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாங்க. வாயை மூடிக்கிட்டு சாப்பிட்டேன். நீங்க நேரா பிஸ்கட்ல ஆரம்பிங்க. முடிஞ்சதும் நாற்காலி மடிச்சு வைக்க ஆள் தேடுவாங்க, ஓடிடாதீங்க.