தான்சானியா மாப்பிள்ளைக்கு டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 24. வீட்டில் பார்த்திருக்கும் மாப்பிள்ளை தான்சானியாவில் போர்வெல் லாரியில் வேலை பார்க்கிறார். "ஆப்பிரிக்காவில் அந்த மாதிரி சீக்கு ஜாஸ்தி, யோசிச்சுக்கோ" என்று சித்தி பயமுறுத்துகிறார். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
– பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

பதில்: ஆளைப் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். வேலை பார்க்கும் ஊரை வைத்துச் சொல்லாதீர்கள்.

சித்தி சொல்வதில் பாதி நிஜம். உலகத்தில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் பாதிக்கும் மேல் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறார்கள். அங்கே கிராமத்து இளைஞர்களுக்கு மற்ற பால்வினை நோய்களும் அதிகம். ஏன் என்று பாருங்கள். சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் பிழைக்கப் போய் மாதக்கணக்கில் வீடு திரும்பாத ஆண்கள். படிப்பு நின்றுபோய், காசுக்காக வயதில் மூத்தவனை அண்டி நிற்கும் பெண்பிள்ளைகள். தயங்கித் தயங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால் "இந்த வயசுல உனக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சத்தமாகக் கேட்கும் நர்ஸ். இதில் எது நம் ஊரில் இல்லை? உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே முறுக்கு வியாபாரத்துக்கு ஆந்திரா, மகாராஷ்டிரா என்று போகும் ஆண்களிடம் யாரும் டெஸ்ட் கேட்பதில்லையே!

தான்சானியா என்றதும் எனக்கு முவான்சாதான் ஞாபகம் வரும். விக்டோரியா ஏரிக்கரை ஊர். 1990-களின் தொடக்கத்தில் அதைச் சுற்றியுள்ள கிராமச் சுகாதார நிலையங்களில் பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருந்து தட்டாமல் கிடைக்கும்படி செய்தார்கள். லேப் முடிவுக்குக் காத்திருக்காமல், புண்ணா, சீழா, வெள்ளைப்படுதலா என்று அறிகுறியைப் பார்த்து அன்றைக்கே மருந்து. புதிதாக எச்.ஐ.வி. தொற்றுவது அந்தக் கிராமங்களில் சுமார் 40 சதவீதம் குறைந்தது. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் சாம்பல், பச்சை, வெள்ளை என்று நிறம் பிரித்து மருந்து கிட் கொடுக்கிறோமே, அதுவும் இதே முறைதான்.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. அறிகுறி இருப்பவர்தானே ஆஸ்பத்திரிக்கு வருவார்? தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் கிராமங்களில் 15 முதல் 24 வயதுப் பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பரிசோதித்தார்கள். தொற்று இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு எரிச்சலோ புண்ணோ எதுவுமே இல்லை. அதனால் "பார்க்க வாட்டசாட்டமா இருக்கார்" என்பதெல்லாம் கணக்கில் சேராது.

மாப்பிள்ளை லீவில் வரும்போது இரண்டு பேருமே நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) போங்கள். ஆமாம், நீங்களும்தான். அவரை மட்டும் அனுப்பினால் அது அவமானம், சேர்ந்து போனால் கல்யாண வேலைகளில் ஒன்று. எச்.ஐ.வி. டெஸ்ட் அங்கே இலவசம். சம்மதம் இல்லாமல் எடுக்கவும் கூடாது, முடிவை மற்றவருக்குச் சொல்லவும் கூடாது. 2017-இல் வந்த சட்டம் அப்படி. சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு வி.டி.ஆர்.எல். என்ற ரத்த டெஸ்ட், மஞ்சள் காமாலை பி வகைக்கு ஒரு டெஸ்ட், இவற்றையும் பார்த்துவிடுங்கள். சந்தேகப்படும்படி ஏதாவது நடந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால், மூன்று மாதம் முடிந்ததும் எச்.ஐ.வி.யை இன்னொரு தடவை பார்ப்பது நல்லது. இந்தச் சமாசாரத்தைச் சித்தி மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். மாப்பிள்ளையிடம் நீங்களே போனில் பேசுங்கள்.

கேள்வி: ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல், சீழ் மாதிரி வந்தது. நண்பர்கள் சூடு என்றார்கள். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டதும் நின்றுவிட்டது. இனிமேல் பயமில்லையே?
– 21 வயது, மேலூர்

பதில்: சூட்டுக்குச் சீழ் வராது தம்பி. மதுரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தால் நீர்க்கடுப்பு வரும், இளநீரில் அடங்கும். ஜட்டியில் மஞ்சளாகக் கறை படிந்தால் வெட்டை நோயைத்தான், அதாவது கொனோரியாவைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். உறவுக்குப் பிறகு பெரும்பாலும் 2 முதல் 7 நாளில் தெரியும். கூடவே கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்றும் இருக்கலாம். அரைகுறையாக மாத்திரை போட்டால் சீழ் நிற்கும், கிருமி நிற்காது. பிறகு அந்த மருந்துக்கே அடங்காமல் போகும்.

என் ஓ.பி.க்கு வரும் பையன்கள் முதலில் முதுகுவலி என்பார்கள். நானும் சீட்டில் முதுகுவலி என்றே எழுதுவேன். பக்கத்தில் நிற்பவர் வெளியே போனதும் கதவைப் பார்த்துக்கொண்டே "மேடம், இன்னொரு விஷயம்…" என்று இழுப்பார்கள். அந்த இன்னொரு விஷயத்தை நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நேரம் மிச்சம். பெரியாஸ்பத்திரியில் பால்வினை நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு லாட்ஜில் ரூம் போடும் வைத்தியரிடம் மட்டும் போகாதீர்கள்.

உங்களோடு உறவில் இருந்த பெண்ணுக்கும் சிகிச்சை வேண்டும். அவருக்கு ஒன்றுமே தெரியாமல் கர்ப்பப்பைக் குழாய் வரை போய், நாளைக்குக் குழந்தை தங்காமல் போகலாம். இரண்டு பேருக்கும் மருந்து முடிந்து ஒரு வாரம் வரை உறவு கூடாது. அதற்குப் பிறகு காண்டம்.

கேள்வி: கணவருக்கு சிபிலிஸ் என்று டெஸ்டில் வந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் ஒட்டிக்கொண்டது என்கிறார். அப்படி வருமா?
– வாசகி, சோழவந்தான்

பதில்: வராது. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே தாக்குப்பிடிக்காது. அவரிடம் கேட்க வேண்டியதை ஊசி போட்ட பிறகு கேளுங்கள்; முதலில் நீங்களும் இந்த வாரமே வி.டி.ஆர்.எல். பாருங்கள். உங்களுக்கும் நோய் இருந்தால்கூட பென்சிலின் ஊசியில் குணமாகும். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். இது வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், ஆனால் சீக்கிரமே ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.