பட்டனை அழுத்திய பிறகு: வாசகர் கேள்விகள்

கேள்வி: புதிதாக வாங்கிய கணக்கு மென்பொருளில் ஆண்டு அறிக்கை கேட்டால், ஒரு நிமிடம் சுற்றிவிட்டு 504 என்ற பிழை வருகிறது. 'எல்லாம் பின்னணியில் ஓடும்' என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது பெரிய சர்வர் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள். என்ஜின்எக்ஸ் (வரும் கோரிக்கைகளை வாங்கி நிரலுக்குக் கடத்தும் மென்பொருள்) போட்ட சர்வரில், பின்னால் இருக்கும் நிரல் 60 விநாடி பேசாமல் இருந்தால் 504 வரும். யாரும் மாற்றாதவரை அதுதான் கெடு. நிஜமாகவே பின்னணியில் ஓடுகிற வேலை என்றால், அழுத்திய உடனே அது க்யூவில், அதாவது வேலைகள் காத்திருக்கும் வரிசையில், சேர்ந்து, உங்கள் கைக்கு ஒரு வேலை எண் வந்திருக்கும். சொன்னதைக் கொடுக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: ரேபிட்எம்க்யூ என்ன விலை?

பதில்: க்யூவை நடத்த 2007-இல் வந்த திறமூல மென்பொருள், இலவசம். நிறுவிப் பராமரிப்பவருக்குத்தான் செலவு.

கேள்வி: ஒரே முறைதான் அழுத்தினேன். எல்லா வாடிக்கையாளருக்கும் பில் இரண்டு முறை போய்விட்டது. விற்றவர் 'நீங்கள் இரண்டு தடவை அழுத்தியிருப்பீர்கள்' என்கிறார். க்யூவுக்கு அமேசானின் எஸ்க்யூஎஸ் சேவையைப் பயன்படுத்துகிறார்கள்.

பதில்: இதே பதிலை எனக்கும் சொன்னார்கள். மடல் அனுப்பும் மென்பொருள் ஒன்றை வாங்கி, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டவன் நான். ஒரு மாதம் என் விரலையே சந்தேகப்பட்டேன். நடந்தது வேறு. ஒர்க்கர், அதாவது க்யூவிலிருந்து வேலையை எடுத்துச் செய்யும் நிரல், ஒரு செய்தியை (ஒரு வேலைக்கான குறிப்பை) எடுத்ததும் க்யூ அதை 30 விநாடி மறைத்து வைக்கும். அதற்குள் வேலையை முடித்துச் செய்தியை அழிக்காவிட்டால், ஒர்க்கர் செத்துவிட்டது என்று எண்ணி மறுபடி வெளியே விடும். இன்னொரு ஒர்க்கர் அதை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். பில் அனுப்ப இரண்டு நிமிடம் பிடித்தால் இது நடந்தே தீரும். மறைக்கும் நேரத்தை 12 மணி நேரம் வரை கூட்டலாம். அப்படிக் கூட்டினாலும் ஒரு செய்தி இருமுறை வரலாம் என்று சேவையின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. 'இந்த பில் ஏற்கெனவே போய்விட்டதா' என்று பார்ப்பது மென்பொருள் எழுதியவர் வேலை. அதைச் செய்யாமல் விற்றுவிட்டு வாங்கியவர் மேல் பழி போடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஒர்க்கரின் லாக்கை, அதாவது செயல் பதிவை, கேட்டு வாங்குங்கள். இரண்டு தடவை அழுத்தியிருந்தால் செய்தி எண் இரண்டு இருக்கும். ஒரே எண் இரண்டு முறை வந்திருந்தால் தவறு அவர்களுடையது. அந்த வரியைக் காட்டி இழப்பீடு கேளுங்கள்.

கேள்வி: 'வரிசையில் உள்ளது, காத்திருக்கவும்' என்று திரையில் இருந்தது. அவசரத்தில் ஐந்து தடவை அழுத்திவிட்டேன். ஐந்து அறிக்கைக்கும் கட்டணம் போட்டிருக்கிறார்கள். திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. படித்துவிட்டு அழுத்தியிருக்கிறீர்கள்.

கேள்வி: ஒர்க்கர் நின்றுபோனதை ஆறு நாள் கழித்துத்தான் பார்த்தோம். எஸ்க்யூஎஸ்ஸில் கிடந்த பழைய வேலைகளைக் காணோம்.

பதில்: 4 நாள்தான் வைத்திருக்கும், 14 நாள் வரை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஆறு நாள் யாருமே எட்டிப் பார்க்காத க்யூவுக்காக யாரிடம் புகார் செய்வது? சரி, யார் எப்போது அழுத்தினார்கள் என்பது டேட்டாபேஸில் பதிவாகியிருந்தால், அதை வைத்து மறுபடி அனுப்புங்கள்.