நாற்பது பிள்ளைகளோடு ஒரு நாள்: கதீட்ரலும் அரண்மனையும்

கேள்வி: பெங்களூர் அல்சூரில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை நாற்பது பேர். எல்லோரையும் ஒரு நாள் செயின்ட் மார்க்ஸ் கதீட்ரலுக்கும் பெங்களூர் அரண்மனைக்கும் கூட்டிப் போக ஆசை. நேரம் இருந்தால் லால்பாக், விதான சௌதா இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமா? எத்தனை பெரியவர்கள் வேண்டும், சாப்பாட்டுக்கு என்ன செய்வது, பெற்றோரிடம் என்ன சொல்வது? இப்படிக் குழுவாகக் கூட்டிப் போவது எனக்கு முதல் தடவை.

பதில்: லால்பாக்கையும் விதான சௌதாவையும் இப்போதே விட்டுவிடுங்கள் டீச்சர். இரண்டு இடம் போதும். சொல்லப்போனால் இரண்டே அதிகம்தான், ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசும் இடங்கள் என்பதால் சரி என்கிறேன்.

நாற்பது பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, எண்ணி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். எல்லோரும் ஒரு முறை பாத்ரூம் போய்வர அரை மணி நேரம். தண்ணீர் பாட்டிலைத் தேடுவது, ஷூ கயிறு கட்டுவது, யாருக்கோ தலைசுற்றல் என்று உட்கார வைப்பது இவையெல்லாம் தனி. முதல் தடவை போகிறவர்கள் பார்க்கும் நேரத்தை மட்டும் கணக்குப் போட்டு, இந்த நேரத்தை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் மதியத்துக்கு மேல் எல்லா இடத்திலும் அவசரம், அதட்டல். மூன்றாவது இடத்துக்குப் போனாலும் பிள்ளைகள் மனதில் எதுவும் ஏறாது.

காலையில் கதீட்ரல், அதன் பிறகு அரண்மனை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கதீட்ரலில் அமைதி வேண்டும்; பிள்ளைகளுக்கு அமைதி காலையில்தான் கைகூடும். அரண்மனையில் கொஞ்சம் சத்தம் போட்டாலும் யாரையும் புண்படுத்தாது. இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் சனிக்கிழமை போவதானால், தேவாலயத்தில் கல்யாணங்கள் நடக்கிற நாள் அது. பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் நடக்கும் என்றாலும், அலங்காரம் செய்ய முன்னாலேயே வந்துவிடுவார்கள். இரண்டு மூன்று வாரம் முன்பே தேவாலய அலுவலகத்துக்கு நேரில் போய், எத்தனை பேர், எந்த வயது, எத்தனை மணிக்கு வருகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். ஆராதனை எதுவும் இல்லாத நேரத்தை அவர்களே சொல்வார்கள். டிசம்பர் மாதத்தையும், ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தையும் தவிர்ப்பது நல்லது. ஜனவரி, பிப்ரவரியில் வெயிலும் இதம், மழைத் தொல்லையும் இல்லை.

அரண்மனைக்கும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. அது மைசூர் அரச குடும்பத்தின் வசம் இருக்கும் இடம். டிக்கெட், கேமரா, நேரம் எல்லாம் அவர்கள் வைக்கும் விதி. மாணவர் கட்டணம் உண்டா, அதற்கு என்ன காட்ட வேண்டும் என்று கேளுங்கள். உங்களுடையது பள்ளிக்கூடம் இல்லை, தமிழ் வகுப்பு. அதனால் ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் பள்ளி அடையாள அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வகுப்பு சார்பில் ஒரு கடிதமும் வைத்திருங்கள். கூடவே இன்னொன்று: அரண்மனை மைதானத்தில் அன்றைக்குக் கச்சேரியோ பெரிய கல்யாணமோ கண்காட்சியோ இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால் ஜெயமஹால் ரோட்டிலும் மேக்ரி சர்க்கிள் பக்கமும் பஸ் நகராது. தேதியை மாற்றிவிடுங்கள்.

போக்குவரத்துக்கு மெட்ரோவை நினைத்திருப்பீர்கள். அல்சூரிலிருந்து எம்.ஜி. ரோடு இரண்டே ஸ்டேஷன் என்பது உண்மைதான். ஆனால் கதவு சில நொடிகளில் மூடிவிடும்; நாற்பது பேரில் ஐந்து பேர் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால் நாள் அங்கேயே குலைந்துவிடும். தவிர, அரண்மனைக்குப் பக்கத்தில் இறங்க இன்னும் மெட்ரோ வசதி இல்லை. ஐம்பது சீட் பஸ் ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பையும் சாப்பாடும் அதிலேயே இருக்கும். எம்.ஜி. ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி வைக்க முடியாது. எங்கே இறக்கிவிடலாம், வளாகத்துக்குள் வரலாமா என்று தேவாலய அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கப் போகும்போதே கேட்டு, டிரைவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பெரியவர்கள் உங்களையும் சேர்த்து ஆறு பேர். எட்டுப் பிள்ளைக்கு ஒருவர் என்றால் ஐந்து பேர் ஆகிறது. ஆறாவது ஆள் எந்தப் பிள்ளைக்கும் பொறுப்பு எடுக்கக் கூடாது. பணம், டிக்கெட், டிரைவரோடு பேசுவது, உடம்புக்கு முடியாத பிள்ளையோடு உட்காருவது, இதெல்லாம் அவர் வேலை. அந்த ஆறாவது ஆள் நீங்களாகவே இருங்கள் என்பது என் ஆலோசனை. டீச்சரே எட்டுப் பேரைப் பார்த்துக்கொண்டு, வரலாறும் சொல்லிக்கொண்டு, டிரைவர் போனையும் எடுத்துக்கொண்டிருந்தால் எதுவும் உருப்படியாக நடக்காது. ஆறு பேரில் மூன்று பேராவது பெண்கள் இருக்க வேண்டும். நடக்கும்போது ஒருவர் எல்லோருக்கும் பின்னால்தான் வர வேண்டும். எந்தப் பிள்ளையும் அவருக்குப் பின்னால் போகக் கூடாது.

எண்ணுவதற்கு ஒரே வழியை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண், அதோடு ஒரு ஜோடி. நீங்கள் கை தூக்கியதும் ஒன்றிலிருந்து நாற்பது வரை அவர்களே வரிசையாகச் சொல்ல வேண்டும். குரல் வராத எண் யாருடையது என்று அவருடைய ஜோடிக்கு உடனே தெரியும். இதை முந்தின சனிக்கிழமை வகுப்பிலேயே இரண்டு முறை பழக்கிவிடுங்கள். எண்ணி முடிக்காமல் பஸ் கிளம்பக் கூடாது. வழி தவறினால் தேடி ஓட வேண்டாம், நின்ற இடத்திலேயே நில் என்று சொல்லி வையுங்கள். கழுத்து அட்டையில் உங்கள் வகுப்பின் பெயரும் இரண்டு பெரியவர்களின் போன் நம்பரும் இருந்தால் போதும். பிள்ளையின் பெயரை வெளியே தெரியும்படி எழுதாதீர்கள். பெயர் சொல்லி அழைத்தால் தெரிந்தவர் என்று பிள்ளை நம்பிவிடும்.

பெற்றோருக்குக் கொடுக்கும் கடிதத்தில் தேவாலயத்துக்குப் போகிறோம் என்பதை மறைக்காமல், பெயரோடு எழுதுங்கள். கட்டடத்தையும் வரலாற்றையும் பார்க்கப் போகிறோம், எந்த வழிபாட்டிலும் பிள்ளைகள் கலந்துகொள்ள வேண்டியதில்லை என்றும் ஒரு வரி சேருங்கள். எல்லா மதத்துப் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். யாராவது தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். நேரில் பேசுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஒவ்வாமை, மூச்சுத் தொல்லை, வலிப்பு, தினம் சாப்பிடும் மாத்திரை, பஸ்ஸில் வாந்தி இவற்றை எழுதிக் கேளுங்கள். கையெழுத்து இல்லாமல் எந்தப் பிள்ளையும் பஸ் ஏறக் கூடாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அங்கே போய் என்ன சொல்லப் போகிறீர்கள்?

இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்: இதை யார், யாருக்காகக் கட்டினார்கள்? நாள் முழுக்க இது ஒன்றே போதும்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு சுல்தான் இறந்தார். அங்கே இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, காய்ச்சல் வாட்டியது. அடுத்த பத்தாண்டுக்குள் படை பெங்களூருக்கு, அல்சூர் பக்கம் வந்து கன்டோன்மென்ட், அதாவது படைக் குடியிருப்பு, அமைத்தது. செயின்ட் மார்க்ஸ் கட்ட அடிக்கல் வைத்தது 1808, முடிந்தது 1812. 1816இல் கல்கத்தா பேராயர் வந்து பிரதிஷ்டை செய்தார். அதாவது வந்து இறங்கிய படைக்காரர்களுக்கான கோயில் அது. அந்தப் படையோடுதான் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர்கள் சிப்பாய்களாக, கொத்தனார்களாக, சமையல்காரர்களாக, வியாபாரிகளாக இங்கே வந்து அல்சூரிலும் சிவாஜிநகரிலும் குடியேறினார்கள். ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையம் இன்றும் அல்சூர் ஏரிக் கரையில்தானே இருக்கிறது? உங்கள் பிள்ளைகளில் பலருடைய பாட்டன் பூட்டன் இந்த ஊருக்கு வந்த கதையும் இதே கதைதான். அதைத் தமிழில் சொல்ல உங்களை விடப் பொருத்தமானவர் யாரும் இல்லை.

உள்ளே போவதற்கு முன்பே வெளியில் நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுங்கள். தாழ்வான குவிமாடத்தைக் காட்டி, லண்டன் செயின்ட் பால்ஸ் கதீட்ரலை மாதிரியாக வைத்துக் கட்டியது என்று சொல்லுங்கள். 1923இல் தீப்பிடித்துப் பெரும் சேதமாகி, 1927இல் சீரமைத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். பார்க்கும் எல்லாமே 1812இல் வைத்தது இல்லை என்று அப்போதுதான் புரியும். உள்ளே போனதும் பேச்சு வேண்டாம். ஒரு தாள், ஒரு பென்சில். சுவரில் பதித்திருக்கும் நினைவுப் பலகைகளில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெயர், ஆண்டு, இறந்தபோது வயது எழுதியிருந்தால் அது, இவ்வளவும் எழுதி வர வேண்டும். வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்றில் எத்தனை நிறம் என்று சின்னப் பிள்ளைகள் பார்க்கலாம். இருபது நிமிடம் போதும். தொப்பியைக் கழற்றுவது, பீடத்துப் படி ஏறாமல் இருப்பது, அங்கே ஜெபம் செய்பவர் பக்கம் போகாமல் இருப்பது, கேட்காமல் போட்டோ எடுக்காமல் இருப்பது, இந்த நான்கையும் சொல்லிவிடுங்கள். செருப்பு விஷயத்தில் அங்கே இருப்பவர் சொல்வதே முடிவு. கைகூப்ப விரும்பும் பிள்ளை கைகூப்பட்டும், விரும்பாத பிள்ளை சும்மா நிற்கட்டும்.

அரண்மனையில் கதை இன்னும் எளிது, ஏனென்றால் அங்கே உங்கள் பிள்ளைகள் வயதில் ஒரு பையன் இருக்கிறான். 1831 முதல் மைசூர் நிர்வாகம் பிரிட்டிஷார் கையில். ராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் 1863இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பட்டத்துக்கு வந்துவிட்டார். பெங்களூர் வந்தால் அவர் தங்குவதற்கு ஏற்ற இடம் இல்லை. அப்போது கேரட் பாதிரியார் என்பவர் இங்கே ஒரு பெரிய வீட்டைக் கட்டத் தொடங்கியிருந்தார். பின்னாளில் சென்ட்ரல் காலேஜாக வளர்ந்த சென்ட்ரல் ஹைஸ்கூலின் முதல் தலைமையாசிரியர் அவர். அந்த இடத்தை 1873இல் பிரிட்டிஷ் காப்பாளர்கள் இளம் ராஜாவுக்காக 40,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். ராஜாவுக்கு அப்போது வயது பத்து. 1878இல் அரண்மனை முடிந்தது. 1881இல், பதினெட்டு வயதில், ஆட்சி அவர் கைக்குத் திரும்பியது. இங்கிலாந்துக் கோட்டை போன்ற கோபுரங்களோடு, மைசூர் ராஜாவுக்கு ஏன் இப்படி ஒரு வீடு? 'யார், யாருக்காக' என்ற கேள்வியை இங்கே வைத்தால் பிள்ளைகளே பதில் சொல்வார்கள்.

அறைகள் நாற்பது பேருக்குத் தாங்காது. இருபது பேராகப் பிரித்து, ஒரு குழு மாடியில் தர்பார் ஹாலைப் பார்க்கும்போது இன்னொரு குழு கீழே முற்றத்தில் உட்கார்ந்து கண்ணில் படும் ஏதாவது ஒரு வளைவையோ தூணையோ வரையட்டும். தர்பார் ஹாலில் பெண்கள் மறைவிலிருந்து சபையைப் பார்க்க வைத்த திரையைத் தவற விடாதீர்கள்; எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் அங்கே நின்று கேட்கும் கேள்விகள் அருமையாக இருக்கும். காதில் மாட்டும் ஆடியோ கைடு பெரியவர்களுக்கு நல்லது. பிள்ளைகளுக்கு வேண்டாம், ஒவ்வொருவர் ஒவ்வொரு அறையில் நிற்பார்கள்.

மாடியில் பதப்படுத்திய யானைத் தலை மாட்டியிருக்கிறது. யானையின் காலில் செய்த முக்காலிகளும் உண்டு. சில பிள்ளைகள் பயப்படுவார்கள், சிலர் அழக்கூடும். பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் காலத்தில் வேட்டை ராஜ மரியாதை, 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது குற்றம் என்று விளக்குங்கள். பார்க்க விரும்பாத பிள்ளை முற்றத்திலேயே இருக்கட்டும்.

சாப்பாடு எளிது. புளியோதரை அல்லது எலுமிச்சைச் சாதம், பக்கத்தில் உருளைக்கிழங்கு, ஒரு வாழைப்பழம். தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும், தேங்காய்ச் சட்னி கெட்டுவிடும், இரண்டும் வேண்டாம். கதீட்ரலை விட்டுக் கிளம்பும் முன் பதினொரு மணி வாக்கில் பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்துவிட்டால், அரண்மனை முடித்து ஒன்றரை மணிக்குச் சாப்பிடலாம். வளாகத்தில் எங்கே உட்கார விடுவார்கள் என்று டிக்கெட் விசாரிக்கும்போதே கேளுங்கள்; விடாவிட்டால் பஸ்ஸுக்குள்ளேயே சாப்பிடுங்கள். கப்பன் பார்க்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பூங்காவுக்குள் சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. குப்பைக்கு இரண்டு பெரிய பை எடுத்துப் போங்கள்.

இத்தனைக்கும் முன்பு, ஒரு வாரம் முன்னால், நீங்களும் இன்னொருவரும் அதே கிழமையில் அதே நேரத்தில் கிளம்பி முழு வழியும் போய் வாருங்கள். பாத்ரூம் எங்கே, எத்தனை இருக்கிறது, படிகள் எங்கே குறுகல், பஸ் எங்கே திரும்பும், பக்கத்து மருத்துவமனை எது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அரண்மனை டிக்கெட் நாற்பது குடும்பங்களுக்கும் கட்டுப்படியாகாது என்று தோன்றினால், அந்த இடத்தில் கே.ஆர். மார்க்கெட் பக்கத்திலுள்ள திப்பு சுல்தான் கோடை அரண்மனையை வைத்துக்கொள்ளலாம். ஹைதர் அலி தொடங்கி, திப்பு 1791இல் முடித்த தேக்கு மரக் கட்டடம். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால் பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. வயதைக் காட்டப் பள்ளி அட்டையை எடுத்துப் போங்கள். சின்ன இடம், ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மார்க்கெட் நெரிசலில் பெரிய பஸ் நுழைவது மட்டும் சிரமம், அதனால் பத்து மணிக்குள் அங்கே இறங்குவது போல் வரிசையை மாற்றி, கதீட்ரலை இரண்டாவதாக வையுங்கள். அப்படியானால் சனிக்கிழமையை விட்டு, கல்யாணம் இல்லாத வேறு விடுமுறை நாளாகத் தேவாலய அலுவலகத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்.