உருக்கு தீர்ந்த கோடாரி

வணக்கம்.

கொல்லர் பட்டறை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கோடாரி ஒன்று இருக்கிறது. மழுங்கிவிட்டதென்று டவுனில் ஒரு கடையில் கொடுத்து கிரைண்டரில் தீட்டி வாங்கினேன். பளபளவென்று வந்தது. காய்ந்த வேப்பங்கட்டையில் நாலு வெட்டு போட்டதும் வாய் மடங்கிவிட்டது. ஊர்க் கொல்லர் பார்த்துவிட்டு, "தோய்ச்சல் போயிருச்சு, உருக்கும் தீர்ந்துபோச்சு, புதுசா வைக்கணும்" என்கிறார். முழு இரும்பும் அப்படியே இருக்கும்போது உருக்கு மட்டும் எப்படித் தீரும்? ஏமாற்றுகிறாரா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தீட்டி வாங்கிய அன்று வாயோரத்தில் நீலமாக ஏதாவது தெரிந்ததா? தெரிந்திருந்தால் தோய்ச்சல், அதாவது சூடேற்றித் தண்ணீரில் முக்கி வாய்க்கு ஏற்றிய விறைப்பு, போனது அங்கேதான். கிரைண்டர் சூட்டில் உருக்கு முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். நீலத்தைத் தாண்டிச் சூடேற ஏற வாய் இளகிக்கொண்டே போகும். இடையிடையே தண்ணீரில் நனைத்துத் தீட்டியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

உருக்கு தீருமா என்றால், தீரும். லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடித்த கோடாரி என்றால் முழுக்க ஒரே உருக்கு, அதில் இந்தப் பேச்சில்லை. பழைய கோடாரிகள் பல அப்படியல்ல. உடம்பு மெத்தென்ற இரும்பு, வாயில் மட்டும் உருக்குத் துண்டு. தீட்டத் தீட்ட அந்தத் துண்டு தேய்ந்து தீரும், இரும்பு மிஞ்சும். உருக்கு விலை கூடுதல் என்பது ஒரு காரணம். முழுதும் விறைத்த உருக்கானால் அடி தாங்காமல் காம்புக்கண்ணில் விண்டுவிடும் என்பது இன்னொன்று.

உருக்கு வைக்கிற வேலையை நான் ஒருமுறை கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். இரும்பின் வாயை உளியால் பிளந்து, ஆப்பு போல உருக்கைச் செருகி, ஒட்டுப் பிடிக்க வெண்காரம் தூவி உலையில் வைத்தார்கள். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்து, முனையில் நாலைந்து பொறி தெறித்த கணத்தில் குறடு வெளியே வந்தது. கொல்லர் சுத்தியலால் ஓரிடத்தைத் தொட, எதிரில் நின்றவர் அதே இடத்தில் சம்மட்டியை இறக்கினார். வாய்ப்பேச்சே இல்லை. அடைகல்லில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரம் உலையில் விட்டிருந்தால் உருக்கு கருகியிருக்கும். முந்தி எடுத்திருந்தால் ஒட்டியிருக்காது. (நானும் சம்மட்டி பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது அடியில் வாங்கிக்கொண்டார்கள்.)

தோய்ச்சலுக்கு முன்னால் பட்டறையின் தட்டியை இறக்கிவிட்டார். வெயிலில் சிவப்பின் தரம் கண்ணுக்குப் பிடிபடாதாம். வாயை மட்டும் காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, 800 டிகிரி சொச்சம் என்று வையுங்கள், ஏற்றி இரண்டு விரற்கடை தண்ணீரில் முக்கினார். அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி, தட்டினால் தெறிக்கும். உடனே கல்லால் தேய்த்து வெளுப்பாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்புறத்தில் மிச்சமிருந்த சூடு வாய்க்கு ஓடிவர, நிறங்கள் வரிசையாக நகர்ந்தன. பழுப்பு ஊதாவாகத் திரும்பும் இடத்தில் மறுபடி முக்கல். அவ்வளவுதான்.

சரி, உங்கள் கொல்லர் சொன்னதை நீங்களே சோதிக்கலாம். வாய்ப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து எலுமிச்சம்பழச் சாற்றைத் தடவிக் கொஞ்ச நேரம் விடுங்கள். உருக்கு கருத்தும் இரும்பு வெளிறியும் நடுவில் கோடு தெரிந்தால் ஒட்டுக் கோடாரி. கருப்பு அரை விரற்கடையாவது இருந்தால் புது உருக்கு வேண்டாம், தோய்ச்சல் மட்டும் போதும் என்று கேளுங்கள். கோடே தெரியாவிட்டால், ஒன்று முழுதும் ஒரே உருக்கு, அல்லது அவர் சொன்னதுபோல் தீர்ந்தேவிட்டது. வாயில் அரத்தைப் போட்டுப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது, சூடுபட்ட உருக்கையும் அரம் கடிக்கும். கிரைண்டர் பொறியைப் பாருங்கள்: இரும்புக்கு நீளக் கோடாகப் போகும், உருக்குக்கு மத்தாப்பாக வெடிக்கும். அதற்காக மறுபடி நீலம் ஏற்றிவிடாதீர்கள், ஒரு தொடு போதும்.

போகும்போது காம்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். கூலியில் பேரம் பேசுவதாக இருந்தால் சம்மட்டி அடிக்க ஓர் ஆளையும் கூட்டிப் போங்கள். பட்டறைகளில் இப்போது அதற்குத்தான் ஆள் இல்லை.