எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கும் முன் என்ன படிக்கலாம்? – கேள்வி பதில்

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு அனாடமி, அதாவது உடற்கூறியல் எடுக்கிறேன். கவுன்சலிங்கில் சீட் உறுதியானவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை இவை.

கேள்வி (ஒரு தாய், நாமக்கல்): வகுப்பு தொடங்க இன்னும் சில வாரம் இருக்கிறது. பையன் போனும் கையுமாகக் கிடக்கிறான். சௌராசியா எழுதிய அனாடமி புத்தக செட்டை இப்போதே வாங்கிக் கொடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம்மா. நீட்டுக்காக உட்கார்ந்து உட்கார்ந்து களைத்த பையன், கொஞ்சம் கிடக்கட்டும். அனாடமி, எலும்பைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டிய பாடம். புத்தகத்தில் மட்டும் மனப்பாடம் செய்தது, சடலத்தை அறுத்துப் படிக்கும் டிசெக்ஷன் ஹாலில் பாதி கூட நினைவுக்கு வராது. தவிர, எந்தப் புத்தகம் என்பதை ஆசிரியருக்கு ஆசிரியர் வேறு மாதிரி சொல்வார்கள். பணம் பத்திரமாக இருக்கட்டும்.

கேள்வி (மாணவி, திருவண்ணாமலை): அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருகிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலே பயமாக இருக்கிறது சார்.

பதில்: 2020இல் இந்த ஒதுக்கீடு வந்ததிலிருந்து எனக்கு வாடிக்கையான கேள்வி. உங்களுக்கு மட்டும் வீட்டுப்பாடம் தருகிறேன்.

அனாடமி ஆங்கிலம் ரொம்பச் சின்னது. ஒரு தசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பு, எந்த ரத்தக்குழாய், பக்கத்தில் என்ன இருக்கிறது. புத்தகம் முழுக்கச் சுற்றிச் சுற்றி இதே வாக்கியங்கள்தான். அதற்கு முன் திசைச் சொற்கள் பழக வேண்டும். ஆன்டீரியர் என்றால் முன்பக்கம், போஸ்டீரியர் பின்பக்கம். உடலின் நடுக்கோட்டை நெருங்கினால் மீடியல், விலகினால் லேட்டரல். கைகால்களில் உடம்பை ஒட்டிய பக்கம் ப்ராக்ஸிமல், தள்ளிய பக்கம் டிஸ்டல். கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கை முன்னால் தெரிய நின்று, உங்கள் உடம்பையே தொட்டுச் சொல்லிப் பழகுங்கள். கட்டைவிரல் லேட்டரல், சுண்டுவிரல் மீடியல் என்பது யோசிக்காமல் வாயில் வர வேண்டும்.

அப்புறம் ஒரே ஒரு எலும்பு: காறை எலும்பு, அதாவது கிளாவிக்கிள். கழுத்துக்குழியிலிருந்து தோள் நுனி வரை விரலால் தடவுங்கள். முதலில் முன்னால் புடைத்து, தோளை நெருங்கும்போது உள்வாங்குவது தெரியும். கருவில் முதன்முதலாக எலும்பாகத் தொடங்குவது இதுதான். மார்புப் பக்கத்து முனையோ இருபது வயதைத் தாண்டித்தான் ஒட்டி முடியும், அதனால் உங்களுக்கு அங்கே இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கிறது! இந்த எலும்பைப் பற்றிய பக்கங்களை ஒரு சீனியரிடம் போட்டோ எடுத்து வாங்கி, அகராதியோடு ஒரு சொல் விடாமல் படியுங்கள். மற்ற எலும்புகளுக்கும் இதே ஆங்கிலம்தான்.

தமிழில் மருத்துவம் சாத்தியமே இல்லை என்று யாராவது பேசினால், யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் பாடம் நடத்தி, பாடநூல்களையும் தமிழாக்கியதைச் சொல்லுங்கள்.

கேள்வி: பாடப்புத்தகம் அல்லாமல் என்ன படிக்கலாம்?

பதில்: ஒன்றே ஒன்று என்றால் ஆபிரகாம் வர்கீஸ் 1994இல் வெளியிட்ட 'மை ஓன் கன்ட்ரி'. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், டென்னசியின் சிறு நகரம் ஒன்றில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்த அனுபவம். நோயைக் கட்டுப்படுத்தும் சரியான மருந்து கையில் இல்லாத காலம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு டாக்டர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து என்னதான் செய்வார் என்பதை இதில் பார்க்கலாம். எங்கள் பாடத்திட்டத்தில் அது சரியாக வராது.

புற்றுநோயில் இறந்த மூளை அறுவை மருத்துவர் பால் கலாநிதி தன் கதையை எழுதிய 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்' படிக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். நல்ல புத்தகம், சின்னதும்கூட. ஆனால் வார்டுக்குப் போகத் தொடங்கிய பிறகு படித்தால் இன்னும் ஆழமாக இறங்கும் என்பது என் எண்ணம். அதுல் கவாண்டேயின் 'பீயிங் மார்ட்டல்' முதுமையையும் மரணத்தையும் பற்றியது. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் அப்பா அம்மாவும் சேர்ந்து படிக்கலாம்.

கேள்வி: கைட்டன் எழுதிய பிசியாலஜி (உடலியங்கியல்) பாடநூலை ஆரம்பித்துவிடலாமா?

பதில்: முதல் அத்தியாயம் மட்டும். உடம்பு தன் உள்சூழலை எப்படி நிலையாக வைத்துக்கொள்கிறது என்பது அதில் இருக்கிறது. பிளஸ் டூ உயிரியல் தெரிந்தால் போதும். போலியோ தாக்கியதால் அறுவை சிகிச்சைத் துறையை விட்டுப் பிசியாலஜிக்கு வந்தவர் கைட்டன். முதல் எட்டுப் பதிப்புகளையும் தனியாளாக எழுதினார். பயோகெமிஸ்ட்ரி பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

கேள்வி: சடலத்தைப் பார்க்க பயம். அதற்குத் தயாராக ஏதாவது படிக்கலாமா?

பதில்: படித்துப் போகிற பயம் இல்லை அது. முதல் நாள் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சடலத்தைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் கண்ணை எரிக்கும், கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் பழகிவிடும்.

கேள்வி: பழைய புத்தகம், படிப்பதற்கான பழைய எலும்பு செட் (bone set) வாங்கலாமா?

பதில்: உடல் உறுப்புகளின் படங்கள் உள்ள அனாடமி அட்லஸ் தாராளமாக வாங்கலாம். மற்ற பாடநூல்களில், 2019இல் பாடத்திட்டம் மாறியதற்கு முந்தைய பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். எலும்பு செட்டைச் சீனியரிடம் வாங்கும்போது மணிக்கட்டு எலும்பு எட்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பட்டாணி அளவு பிசிஃபார்ம்தான் முதலில் தொலையும்.