அப்பாவுக்காக நான் எழுதிய மன்னிப்புக் கடிதம்

அன்புள்ள ஐயா,

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு துணிக்கடையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். தினமும் கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் போகிறேன். போன மாதம் மூன்று நாள் தாமதமாகிவிட்டது. அதில் ஒரு நாள் கட்டபெட்டில் மரம் விழுந்து ரோடு அடைபட்டிருந்தது. இப்போது 'வார்னிங் லெட்டர்' கொடுத்திருக்கிறார்கள். தாமதமாக வந்தது, வேலை நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தது என்று இரண்டு குற்றம். 7 நாளில் விளக்கம் தர வேண்டுமாம். கூட வேலை செய்யும் அக்கா, "மன்னிச்சிருங்க, இனி நடக்காதுன்னு எழுதிக் குடுத்துரு, முடிஞ்சிரும்" என்கிறார். கொடுத்துவிடவா? இல்லை, வேலையையே விட்டுவிடவா? அடுத்த வேலைக்கு இது இடைஞ்சலாகுமா? பதிலை இங்கிலீஷில்தான் எழுத வேண்டுமா?

ச., கோத்தகிரி

அன்புள்ள ச.,

தமிழிலேயே எழுதுங்கள். அடுத்த வேலையைப் பற்றி அது வரும்போது யோசிக்கலாம். ஆனால் அந்த அக்கா சொன்னதை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

1986. நான் பத்தாம் வகுப்பு. அப்பாவுக்கு ஒரு தேயிலை ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட். பறித்து வந்த இலையை ட்ரஃப் என்ற நீளமான தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்று விட்டு வாட வைப்பார்கள். ஃபேன் நின்றால் இலைக்குள் சூடேறிச் சிவந்துவிடும், அப்புறம் அது தூளுக்கு ஆகாது. ஒரு ராத்திரி கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் ஸ்டோரில் இருந்தது, சாவி ஸ்டோர் கீப்பர் வீட்டில். ஆள் அனுப்பிவிட்டு, அப்பாவும் இன்னொருவரும் விடியும்வரை கையாலேயே இலையைப் புரட்டியிருக்கிறார்கள். பாதி இலை போய்விட்டது. மறுநாள் அப்பாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். "கரண்டு போச்சு, சாவி இல்லைன்னு எழுதுடா" என்றார். எனக்கு அது எதிர்த்துப் பேசுவது போலப் பட்டது. கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியிருந்த திமிர் வேறு. 'எனது கவனக்குறைவால் நேர்ந்துவிட்ட இப்பெரும் பிழையைத் தாங்கள் பெருந்தன்மையுடன் பொறுத்தருள வேண்டுகிறேன்' என்று எழுதினேன். கரண்டும் சாவியும் அதில் எங்குமே இல்லை. படித்துக் காட்டியபோது அப்பா தலையாட்டினார். நல்ல தமிழாக இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு தகராறில் அப்பாவை சஸ்பெண்ட் செய்து என்கொயரி வைத்தார்கள். ஃபைலிலிருந்து அந்தக் கடிதம் வெளியே வந்தது. 'கவனக்குறைவை முன்பே ஒப்புக்கொண்டவர்.' இது உன் கையெழுத்தா என்று கேட்டதற்கு, "கையெழுத்து என்னது சார், எழுதினது என் பையன்" என்றாராம். வேலை போனது. சஸ்பெண்டில் இருந்த நான்கு மாதமும் ஒரு பைசா வரவில்லை. முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்று 1982-லேயே நிலையாணைச் சட்டத்தில், அதாவது ஆலைகளின் வேலை விதிகளுக்கான சட்டத்தில், சேர்த்திருந்தார்கள். எங்கள் லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், அதைச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கடைசிவரை அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இரண்டு வருடம் வேலை செய்தவர், அந்தத் தாளை ஒழுங்காகப் படித்தீர்களா? விளக்கம் கேட்பது வேறு, எச்சரிப்பது வேறு. விளக்கம் கேட்கும்போது இன்னும் எதுவும் முடிவாகவில்லை. எச்சரிக்கை என்பது முடிவு செய்து கொடுக்கும் தண்டனை, சிறியதானாலும். உங்கள் கடை இரண்டையும் ஒரே தாளில் கலந்திருக்கிறது. 'என்னைக் கேட்பதற்கு முன்பே எச்சரிக்கை என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள்' என்பதையே பதிலின் முதல் வரியாக எழுதுங்கள். தாளை வாங்கும்போது கையெழுத்துக் கேட்டால் போடலாம், 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தேதியும் போட்டு. பெற்றதற்குத்தான் அந்தக் கையெழுத்து.

அப்புறம் அந்த ஸ்டூல். இதற்கா மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள்? கோபம் வருகிறது எனக்கு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். கால் கடுக்க நின்றவர்களுக்காக வந்த சட்டம் அது. பதிலில் அந்த வருடத்தைக் குறிப்பிடுங்கள்.

தாமதம் நடந்தது உண்மை, அதை மறைக்காதீர்கள். மூன்று தேதி, மூன்று காரணம், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். மரம் விழுந்த நாளுக்கு பஸ் டிக்கெட் இருந்தால் நகல் வையுங்கள். மற்ற இரண்டு நாளும் தூங்கிவிட்டீர்கள் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். நடந்ததைச் சொல்வது வேறு, நடக்காததையும் சேர்த்து ஒப்புக்கொள்வது வேறு. 'எல்லாத் தவறுக்கும்' என்ற சொல் மட்டும் எங்கேயும் வரக்கூடாது.

வேலையை விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களாக எதற்கு விட வேண்டும்? ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த கடை ஊழியரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நிறுத்துவதானால் விசாரணை நடத்தி அதில் நிரூபித்திருக்க வேண்டும். 1947-லிருந்து இருக்கிற தமிழ்நாட்டுச் சட்டம் இது.

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கடை சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 7 நாளில் எத்தனை நாள் போய்விட்டது என்று நீங்கள் சொல்லவே இல்லை. இன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து எழுதி, கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.